நாளைக்கு என் சைக்கிள்

என் மகாராணிக்கு,

இந்த மலைச் சைக்கிள் பயணத்துக்கு ஆசைப்பட்டது நான். துணைக்கு வந்தது நீ. இப்போது நீ மிதிக்கிறாய், நான் சாமான் வண்டியில் பைகளோடு பையாக உட்கார்ந்து எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிகிறது, கவலைப்படாதே.

இன்று கணவாய் உச்சியில் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். நீ கண்டுகொள்ளாமல் சிட்டாய்ப் பறந்துவிட்டாய்!

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். “சார், அம்மாவுக்கு நீங்க யாருன்னே தெரியல போல!”

“அது என் பொண்டாட்டிங்க!” என்று அங்கிருந்த எல்லோரிடமும் கத்தினேன். பழத்தை நானே தின்றேன்.

நாளை கடைசிக் கணவாய், இருப்பதிலேயே உயரமானது. உன் சைக்கிளில் கியர் சிக்குகிறது, என்னுடையதை எடுத்துக்கொள். அதுவாவது அந்த உச்சியைப் பார்க்கட்டும். இருக்கையை உன் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டேன்.

உன் பின்னாலேயே வரும்,
வீட்டுக்காரன்