பழைய பட்டியலில் இரண்டு பேர்

பள்ளிக்கூட வாசலில் யாரோ ஜெனரேற்றரை இழுத்து ஓட விடுகிறார்கள். மண்ணெண்ணெய்ப் புகை, நாங்கள் அகதிகளாய்த் தங்கியிருக்கும் வகுப்பறைக்குள் வந்துவிட்டது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த மணம். நாளைக் காலை அரிசிக்குப் பேர் எழுதுகிறவர்கள் திரும்ப வருவார்களாம்.

நல்லூர் அலுவலகத்தில் புருசன் நீங்கள் கம்பியூட்டர் பார்த்தீர்கள், பெண்சாதி நான் கூட்டித் துடைத்தேன். இடம்பெயர்ந்து வந்த சனத்தின் பேரெல்லாம் அந்தப் பெட்டிக்குள். இருக்கிற மண்ணெண்ணெய்க்கு ஜெனரேற்றர் ஒரு மணித்தியாலம் ஓடும். அதற்குள் அரிசிப் பட்டியல் அச்சாகி வர வேண்டும். கயிறு இழுப்பது நான். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்க நீங்கள் சொல்வீர்கள்: "உது யுனிக்ஸ், இந்தப் பெட்டியை நடத்துற புறோகிராம். உள்ளுக்கை கன வேலைக்காரர். ஆர் முதல் எழும்புறது, ஆர் ஆருக்காகக் காத்திருக்கிறது எண்டு நான் எழுதி வைச்சால்தான் ஒழுங்காய் எழும்புவினம்." ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கும் அது விளங்கியது.

ஒரு கிழமை மண்ணெண்ணெய் பாதிதான் கிடைத்தது. பேர்கள் கிடக்கிற டிஸ்க்கைச் சோதிக்க நேரம் போகிறதென்று, அச்சடிக்கிற வேலையை அதற்கு முன்னால் தூக்கி எழுதினீர்கள். பட்டியல் சுறுக்காக வந்தது. இருவருக்கும் சந்தோசப் புளுகம்.

வாசலில் வல்வெட்டித்துறை அக்கா ஒருத்தி, கைப்பிள்ளையோடு. பட்டியலில் அவள் பேர் இல்லை. "முந்தநாள் நீங்கள்தானே தம்பி என்ரை பேர் எழுதினது? உந்தப் பெட்டிக்கு என்னைக் கண்டால் பிடிக்காதோ?" சனம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. புதுப் பேர்கள் இருந்த டிஸ்க் எழும்ப முன்னரே, அது வந்து சேரவேண்டிய இடத்தில் கிடந்த பழைய பட்டியலை எடுத்து அச்சடித்திருந்தது பெட்டி. திரும்ப ஓட்ட எண்ணெய் இல்லை. எங்கள் வீட்டு அரிசியில் பாதியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் அன்று சாப்பிடவில்லை. "டிஸ்க் வந்திட்டன் எண்டு சொல்லும் மட்டும் மற்றவர் வாய் திறக்கப்படாது" என்று திருத்தி எழுதினீர்கள்.

ஷெல்லுக்குப் பயந்து ஊர் முழுக்க வெளிக்கிட்ட நாளிலும் நீங்கள் பெட்டிக்கு முன்னால்தான்.

"இஞ்சாருங்கோ, உது கிடக்கட்டும், வாங்கோ."

"எழுப்பின ஒழுங்கைத் தலைகீழாய்ப் பிடிச்சு நிப்பாட்டவேணும். இல்லாட்டிச் சனத்தின்ரை பேரெல்லாம் பழுதாய்ப் போடும். நீ நட, பத்து நிமிசத்திலை வாறன்."

நடந்தேன். மூன்றாம் நாள், அலுவலகத்தில் ஷெல் விழுந்த சேதியோடு உங்கள் சைக்கிளை ஒருவர் உருட்டிக்கொண்டு வந்தார்.

நேற்றுப் பேர் எழுதியவர் கேட்டார், "எத்தினை பேர், அம்மா?"

"ரண்டு பேர்" என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. நீங்கள் இல்லை என்பது எனக்குள் எழும்ப முன் வாய் முந்திவிட்டது.

நாளைக்குத் திருத்த வேண்டும். உங்கள் பேருக்கு வருகிற அரிசி, பேர் விடுபட்ட இன்னொரு கைப்பிள்ளைக்காரியினுடையது. நீங்கள் இருந்தால் முதல் வேலையாய் அதைத்தான் செய்வீர்கள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பின்னேரம் முழுக்கச் சொல்லிப் பார்க்கிறேன்: ஒராள். நான் ஒராள்.

இன்னும் வாய்க்கு வரவில்லை.