அக்கா குளிக்காத அருவி

30-11-1990, வெள்ளி

அப்பா ஒருவழியாகத் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் எல்லோரும் ஊத்துக்கோட்டை தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் அருவிக்குப் போகிறோம். ஆனால் ஞானஜோதி அக்கா கூட வந்தால்தான் எனக்கு அனுமதி. இந்த வயசில் துணை! பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்காவுக்கோ தலைகால் புரியவில்லை. "அருவின்னா காலண்டர்ல பாத்ததுதான்டி. நான் குளிக்கத்தான் வரேன், சொல்லிட்டேன்" என்கிறாள். எட்டாவதோடு நின்று, வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். குளித்தபின் உடுத்த மெரூன் புடவையை இப்போதே மடித்து வைத்துவிட்டாள்.

2-12-1990, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

3-12-1990

எழுதித்தான் ஆக வேண்டும்.

வேனை விட்டு இறங்கியதும், யாரும் கேட்காமலே அக்கா எலுமிச்சம்பழ சாத அண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். துண்டைச் சுருட்டிச் சும்மாடு. புடவையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாறை பாறையாக எல்லோருக்கும் முன்னால் போனாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேனேஜர் லோகநாதன் சார், "பரவாயில்லையே அருள்மேரி, வேலைக்கு ஆளையும் கூட்டிட்டு வந்துட்டியே!" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

ஏன் சொன்னேன்? 'எங்க அக்கா சார்' என்று சொன்னால் வாய் கோணிக்கொள்ளுமா? அக்கா கைக்கெட்டும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

அருவியைப் பார்த்ததும் எல்லோரும் ஓவென்று கத்திக்கொண்டு ஓடினார்கள். நானும்தான். சார் அக்காவிடம், "நீ பையெல்லாம் பாத்துக்கம்மா, குரங்கு வரும்" என்றார். "சரிங்க சார்." பைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். நான் குளித்தேன். பாவி, நன்றாகவே குளித்தேன். மெரூன் புடவை மடிப்புக் கலையாமல் வீடு வந்து சேர்ந்தது.

"இன்னா ஜோதி, ஆசை தீரக் குளிச்சியா?" என்று அப்பா கேட்டார். "ஒரே கும்பல்பா, பொம்பளைங்களுக்கு எடமே இல்ல" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

9-12-1990

பேசுகிறாள், சோறு போடுகிறாள், சண்டை மட்டும் போட மாட்டேன் என்கிறாள். திட்டித் தொலையேன் — ஒரு அறை வையேன்!

14-12-1990

பக்கத்து சீட் வேதா இன்று சொன்னாள்: "உங்க வீட்டு வேலைக்கார அம்மா ரொம்ப நல்லவங்கப்பா. அன்னிக்கு அருவியில, எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேட்டேன். 'அந்தப் பொண்ணு பொறந்ததுலேர்ந்து'ன்னாங்க."

டைப் அடிக்க முடியவில்லை. எழுந்து நின்று, சார் காதுபடவே சொன்னேன்: "அது எங்க அக்கா." சார் முகம் சுண்டிப்போய்விட்டது. அவர் மேல் என்ன தப்பு? ஆமா என்றது நான்தானே.

22-11-1991

இந்த வருஷமும் அதே அருவி. "அக்கா கட்டாயம் வரணும்" என்று சார் திரும்பத் திரும்பச் சொன்னார். அக்காவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன். ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள்: "உம்மேல கோவம் இல்லடி. ஆனா அந்த வழில நடந்தா எனக்கு அதான் காதுல கேக்கும். நீ போய்ட்டு வா." அப்பாவிடமும் அவளே பேசினாள். "அவளுக்கு இனிமே துணை எதுக்குப்பா? தனியாவே போவட்டும்."

அப்பா சரி என்றுவிட்டார். இதற்குத்தானே ஆசைப்பட்டாய், அருள்மேரி?

1-12-1991

போய் வந்தேன். நான் போகாவிட்டால் தனக்குத்தான் கஷ்டமாக இருக்கும் என்று அக்கா பிடிவாதம். இந்த வருஷம் நல்ல தண்ணீர். வேனை விட்டிறங்கித் தாம்பரத்தில் ரயில் பிடித்துக் கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதும் பின்னல் காயவில்லை. அக்கா துண்டை எடுத்துவந்து என்னை உட்காரவைத்துத் துவட்டினாள். பிறகு கேட்டாள்:

"அம்மாம் மேலேர்ந்து வுழுதே, தலைல பட்டா வலிக்குமாடி?"