உங்க அண்ணன் நடிக்கலை

எப்போதும்வென்றான்
12.7.2002

அன்புள்ள தம்பி முத்துசெல்வத்துக்கு,

அண்ணி காளீஸ்வரி எழுதுவது. பம்பாயில் பெருமழை என்று செய்தியில் சொன்னார்கள். நீங்களும் கடையும் பத்திரம்தானே?

கண்டுபிடித்துவிட்டார்கள், தம்பி! அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்க அண்ணனுக்கு நிஜமாகவே வியாதி இருக்கிறது. கோடை உழவுக்கு முதுகு வளையாத சோம்பேறி, வலி என்று நடிக்கிறான் என்று ஊரே பேசியது. நீங்களும்தான் பேசினீர்கள். இன்றைக்குத்தான் நான் தலைநிமிர்ந்து தண்ணிக்குப் போனேன்.

இத்தனை நாளும் போன இடமெல்லாம் வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். கோவில்பட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஜெயஷீலா மட்டும் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே என்றார். வலி எப்போது கூடியது என்று கேட்டார். கால் முன்னால் வரப் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்று கோவில் கொடைக்கு வந்த நீங்கள் மிதித்ததைச் சொன்னேன். ஓங்கி மிதித்தாரா என்றார். குதிகால் பட்டும் படாமலும்தான் என்றேன். அதற்கா இந்த வலி என்று உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகெலும்பு ஒன்று அமுங்கியிருந்தது! இந்த வயதில் முதுகுவலியும் ரத்தக்குறைவும் சேர்ந்து வந்தால் சும்மா விடக்கூடாது என்று ரத்தத்தையும் சிறுநீரையும் மதுரைக்கு அனுப்பினார். மைலோமாவாம். எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று. மதுரைக்குப் போய் மஜ்ஜை எடுத்துப் பார்த்து வைத்தியம் தொடங்க வேண்டும்.

உங்கள் மேல் தப்பில்லை. எலும்பு உள்ளுக்குள்ளேயே இற்றுப்போயிருந்ததாம், தும்மினாலும் அமுங்கியிருக்குமாம். நீங்கள் மிதித்திருக்காவிட்டால் இன்னும் வலி ஊசி போட்டே சிறுநீரகத்தையும் கெடுத்திருப்போம்.

புற்று என்றதும் நான் அழுதுவிட்டேன். உங்க அண்ணன் சிரித்தார், தம்பி! முதல்ல தம்பிக்கு எழுதுட்டி, நான் நடிக்கலைன்னு எழுது என்றார்.

மாத்திரை இருக்கிறதாம். வலி குறையுமாம், எழுந்து நடக்கலாமாம். முழுசாகக் குணமாகுமா என்று தனியாகக் கேட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதை நான் உங்க அண்ணனிடம் சொல்லவில்லை.

மதுரைக்கு என்னோடு வர மாட்டாராம். தம்பி வந்து கூட்டிப்போனால்தான் போவாராம். நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். உங்களைப் பார்க்கத்தான் இந்த வீம்பு. கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ரயிலேறுங்கள். பொங்கலுக்கு வந்துக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், தம்பி.

நல்லபடியாக வந்து சேர வேண்டிக்கொள்ளும்
அண்ணி,
காளீஸ்வரி