கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதவள்

12 ஜூன் 2025, வியாழன்

பொம்மி,

இன்றைக்கு நானே உலை வைத்தேன். உன் கருமாதி முடிந்தபிறகு இதுவரை பக்கத்து வீட்டுக் கமலாம்பாள்தான் சோறு கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளைக்கு அவளும் சுமப்பாள். அரிசியைக் களைந்தேன், தண்ணீர் வைத்தேன். உனக்கும் சேர்த்து அளந்து போட்டுவிட்டேன்.

வருஷா வருஷம் நீ கொடுக்கிற டைரியில் நான் பால் கணக்குதான் எழுதுவேன். ஏழாவதோடு நின்ற உன் அம்மாவுக்கு வேறென்ன எழுத்து. இப்போது உன்னோடு பேச இதை விட்டால் வழியில்லை.

நீ பாடம் சொல்லிக்கொடுக்கிற காலேஜில் லீவு விட்டு மே மாதம் வந்தாய். மீன் வாங்கிவருகிறேன் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாய். திண்டிவனம் ரோட்டில் பின்னால் ஒரு பைக். அதில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் உன் செயினைப் பிடித்து இழுத்தான். விழுந்தாய். தலையில் அடி. அவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள்.

ஓட்டினவன் முப்பது வயசுக்காரன், ஜெயிலில் இருக்கிறான். இழுத்தவனுக்குப் பதினேழு வயசாம். அவன் ஜெயிலுக்குப் போகவில்லை. தப்பு பண்ணின பிள்ளைகளை வைக்கிற இல்லத்துக்குப் போயிருக்கிறான். காலேஜுக்குப் போகுமுன் நீ ஆறு வருஷம் சூப்பிரண்டாக இருந்தாயே, அந்த மாதிரி ஓர் இல்லம். அங்கே அவனுக்குச் சாப்பாடு, பாய், பாடம் சொல்லிக்கொடுக்க ஆள், எல்லாம் உண்டு. இதெல்லாம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினதே நீதானே?

15 ஜூன், ஞாயிறு

மீன்காரன் தெருவில் கூவிக்கொண்டு போகிறான். கதவைச் சாத்திக்கொண்டேன்.

27 ஜூன், வெள்ளி

ஆட்டுச் சந்தை நாள். தெருவெல்லாம் ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில், பெண்டாட்டி பிள்ளையோடு தனிக்குடித்தனம் இருக்கிற உன் தம்பி இளவரசன், வக்கீல் விநாயகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

வக்கீல் சொன்னது எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். பதினாறு தாண்டின பையன் கொலை மாதிரிப் பெரிய குற்றம் செய்தால், அவனைப் பிள்ளையாகப் பார்ப்பதா, பெரிய ஆளாகப் பார்ப்பதா என்று விழுப்புரத்தில் ஒரு குழுமம் உட்கார்ந்து முடிவு பண்ணுமாம். பிள்ளை என்றால் மூன்று வருஷம் சீர்திருத்தப் பள்ளி. பெரிய ஆள் என்றால் வேறு கோர்ட், வயசு ஏறினதும் பெரிய ஜெயில், ரொம்ப வருஷம். செத்தவளைப் பெற்றவள் நான் போய்ச் சொன்னால் அதற்கு ஒரு கனம் உண்டாம்.

"அந்தப் பக்கத்து வக்கீல் உங்க பொண்ணு புஸ்தகத்தையே எடுத்துக்கினு வரப்போறாரும்மா. பதினேழு வயசுப் பையனப் பெரிய ஜெயில்ல போடக்கூடாதுன்னு அவங்களே பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க, டிவிலயும் பேசியிருக்காங்க. அதுக்கு பதில் சொல்ல உங்க ஒருத்தரால தான் முடியும்" என்றார்.

இளவரசன் சுவரைக் குத்தினான். "அக்கா எழுதுனத வச்சே அக்காவக் கொன்னவனக் காப்பாத்துவானுங்களாம். இன்னாமா ஞாயம் இது? நீ வந்து நில்லு. அவனப் பெரிய ஆளா நடத்துன்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

சொல்கிறேன் என்றேன். மனசாரச் சொன்னேன் பொம்மி. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

3 ஜூலை, வியாழன்

உன்னிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற இக்ரா வந்தாள். நம் ஊர்ப் பெண்தானே, பிரியாணிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். நான் இன்னும் கறி தொடவில்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. பாவம்.

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மெல்ல ஆரம்பித்தாள். "மேடம் இருந்திருந்தா இந்தப் பையனுக்கும் அதேதாம்மா சொல்லியிருப்பாங்க..."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "இருந்திருந்தா இந்தக் கேஸே இல்லியேடி! செத்தவ வாயில நீ பேச்ச வைக்காத. அவ புஸ்தகம் எழுதும்போது செத்தா எழுதுனா?" என்று கத்திவிட்டேன்.

அவள் எழுந்து என் கையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டாள். பாத்திரம் இங்கேயே இருக்கிறது.

நீ டிவியில் பேசினபோது நான் தெருவையே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நீ சொன்னதில் பாதி புரியவில்லை. உன் புடவை நன்றாக இருந்தது என்று போனில் சொன்னேன். நீ சிரித்தாய். என்ன பேசினாய் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

12 ஜூலை, சனி

நம் ஊர்க் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்களாம். பஸ் ஸ்டாண்டில் ஒரே பேச்சு. கோட்டை இருந்தால் இருக்கட்டும்.

16 ஜூலை, புதன்

எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

விழுப்புரம் போனோம், நானும் இளவரசனும். கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் இல்லை. மேசை, நாற்காலி. நடுவில் சின்ன வயசு ஜட்ஜம்மா, இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவனைக் கூட்டிவந்த போலீஸ்காரர்கூடச் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார். அவன் கையில் விலங்கு இல்லை. வீசிக்கொண்டு வந்தான். பிள்ளைகளுக்கு விலங்கு பூட்டக்கூடாது என்று நீ ஒரு தடவை பெரிய அதிகாரியோடு மல்லுக்கு நின்றது ஞாபகம் வந்தது. அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கைதான் இழுத்தது.

அவன் பேரை எங்கேயும் எழுதக்கூடாது, அது சட்டம் என்று நீ சொல்லுவாய். எழுதவில்லை. சட்டத்துக்காக இல்லை, என் டைரியில் அவன் பேர் வேண்டாம்.

மனநல டாக்டர் ரிப்போர்ட் வரவில்லை, ஆகஸ்ட் பதிமூன்று என்று தள்ளிவைத்தார்கள். வெளியே வந்தோம். படிக்கட்டின் கீழே அவனைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளை நின்றாள். அவன் அம்மா.

ஐயோ பொம்மி. அவளை எனக்குத் தெரியும்.

நீ செத்த பதினொன்றாம் நாள் வந்தாளே. பச்சைப் புடவை, வெறும் கழுத்து. வாசலிலேயே "படிச்ச மகராசி பாதியில போனாளே, பாவி வயித்துல தீய மூட்டிப் போனாளே"ன்னு பாடிக்கினே வந்து என் கழுத்தைக் கட்டிக்கினா. சாவு வீட்டுக்கு அழ வந்தவள யாருன்னு எவ கேப்பா? நான் கேக்கல. உன் ஆபீசுக்காரியோ, உன்கிட்ட இருந்த பையன் எவனோட அம்மாவோன்னு நெனச்சேன். அவ தோள்ல தலைய வச்சி, வேற யார்கிட்டயும் அழாத அழுகையெல்லாம் அழுதேன். என் மூக்கைக்கூட அவதான் அவ முந்தானையால தொடச்சா. அப்புறம் எழுந்து, சொல்லிக்காம போயிட்டா. சாவு வீட்ல சொல்லிக்கினு போற வழக்கம் இல்லியே, எவளுக்கும் சந்தேகம் வரல.

அந்த முந்தானை. அந்த முந்தானையில!

இளவரசனிடம் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

17 ஜூலை, வியாழன்

வேவு பார்க்க வந்தாளா? மனசைக் கரைத்துவைக்க வந்தாளா? வக்கீல் சொல்லி அனுப்பினாரா? குளித்துவிட்டு வந்தேன். மறுபடியும் போய்க் குளித்தேன்.

26 ஜூலை, சனி

கமலாம்பாள் வாயால் வந்தது. அவள் தம்பி பெண்ணைப் பனமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே போனவள் அந்தப் பொம்பளையைப் பார்த்துவிட்டாள். வந்ததும் வராததுமாக இளவரசன் எதிரிலேயே கேட்டாள். "ஏ காத்தாயி, அன்னிக்கி நான் காப்பி குடுத்தனே, பச்சப் பொடவ, அவ பேரு தனகோட்டியாம். அந்தப் பையனோட அம்மாவாமே? இன்னா நெஞ்சழுத்தம் பாரு!"

இளவரசன் என்னைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது. இரண்டு சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டான். நான் தெருமுனைக்கு ஓடி ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கொண்டு போனேன், ஏனென்று தெரியவில்லை.

நான் பனமலை போய்ச் சேருவதற்குள் அவள் வீட்டு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. தகரக் கதவு பிய்ந்து கிடந்தது. அவள் வாசலில் நின்றாள், ஓடவில்லை. இளவரசன் கையில் கட்டை.

"எங்கூட்டுக்குள்ள வந்து எங்கம்மாவக் கட்டிக்கினு நடிச்சியா நீ?"

"நடிக்கல தம்பி. அழத்தான் வந்தேன். வேற எதுனா கேட்டனா, உங்கம்மாவையே கேளு."

நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். கட்டை என் தோளில் இடித்தது. அவனுக்குத் தெரியாமல் இடித்ததுதான். அவளைப் பார்த்து நானே கேட்டேன். "யாருன்னு ஏன்டி சொல்லல?"

"சொன்னா அழ உட்டிருப்பியாக்கா?"

அவ்வளவுதான் சொன்னாள். இளவரசன் கட்டையை ஏரிக்கரைப் பக்கம் வீசி எறிந்துவிட்டு வண்டியை எடுத்தான். என்னை ஏறச் சொல்லவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

அழ விட்டிருக்க மாட்டேன். துடைப்பத்தால் அடித்துத் துரத்தியிருப்பேன்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஒன்றை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எல்லாரும் என்னை ஏதோ ஒன்று சொல்லச் சொல்கிறார்கள். இளவரசன் ஒன்று, வக்கீல் ஒன்று, இக்ரா ஒன்று. நீயும்தான், உன் புஸ்தகத்துக்குள் இருந்துகொண்டு. தனகோட்டி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. பிடிக்கவில்லை. அவள் பிள்ளை இருக்கிறான், என் பிள்ளை இல்லை.

ஆனால் இன்னொன்றும் ஓடுகிறது. பைக்கை ஓட்டினவன் எங்கே இருக்கிறான்? பெரிய ஜெயிலில். இவனையும் பெரிய ஆளாக்கினால் இவன் எங்கே போவான்?

13 ஆகஸ்ட், புதன்

முடிந்தது. முழுசாக எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்து வக்கீல் உன் புஸ்தகத்தில் மஞ்சள் சீட்டு வைத்துக்கொண்டு வந்திருந்தார். அட்டையில் உன் போட்டோ. அவர் எழுந்து, "இறந்துபோன டாக்டர் மலர்க்கொடி அவர்களே எழுதியிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்ததும் நான் எழுந்துவிட்டேன். இளவரசன் என் கையைப் பிடித்தான், என்னமோ நல்லது நடக்கப்போகிறது என்று நினைத்து.

"அத மூடுங்க ஐயா. அவ அத எழுதும்போது உயிரோட இருந்தா. இப்ப நான் பேசுறேன்" என்றேன்.

ஜட்ஜம்மா, "சொல்லுங்கம்மா, உட்கார்ந்தே சொல்லுங்க" என்றார்.

உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு வராது என்று தெரியும்.

"இவன வண்டியில ஏத்திக்கினு வந்தவன் பெரிய ஜெயில்ல இருக்கான். இவனையும் அங்க போட்டா அவன் கிட்டதான் போவான், இல்லன்னா அவன மாதிரி இன்னொருத்தன் கிட்ட. வெளிய வந்து திரும்பவும் எவன் வண்டியிலயோ பின்னாடி உக்காருவான். இன்னொருத்தி கழுத்துக்கு கை நீளும். இன்னொரு வீட்ல எழவு விழும். எனக்கு அது வேணாம். இவன இங்கியே வச்சிக்கினு, கைத்தொழில் எதுனா கத்துக்குடுங்க."

என் கையைப் பிடித்திருந்த இளவரசன் விட்டுவிட்டான்.

"இன்னொண்ணும் இருக்குது. நான் அவன மன்னிக்கல. அதையும் எழுதிக்குங்க."

ஜட்ஜம்மா மெதுவாகச் சொன்னார். "அம்மா, மன்னிச்சீங்களா இல்லையாங்கறது இங்க பதிவுக்குத் தேவையில்லை."

"எனக்குத் தேவை. ரெண்டையும் சேத்து எழுதுங்க. மொத சொன்னத மட்டும் எழுதுனா, நான் நல்லவ, மன்னிச்சிட்டேன்னு ஆயிடும். ஊர்ல அப்டிதான் பேசுவாங்க."

அவர் பக்கத்தில் இருந்த பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண் டைப் அடித்தது. எனக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். இரண்டும் இருந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அழுதானா தெரியவில்லை. பார்க்கவும் இல்லை நான்.

வெளியே வந்தபோது தனகோட்டி படிக்கட்டில் கும்பிட்டபடி நின்றாள். அவளைத் தாண்டி வந்துவிட்டேன்.

14 ஆகஸ்ட், வியாழன்

இளவரசன் பெண்டாட்டி பிள்ளையோடு விழுப்புரத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். "நீ யாருக்கு அம்மான்னே தெரியல" என்றான்.

5 செப்டம்பர், வெள்ளி

அவனைப் பிள்ளையாகவே விசாரிப்பது என்று உத்தரவு வந்துவிட்டதாம். இக்ரா போன் பண்ணினாள். சந்தோஷமும் படாமல் வருத்தமும் படாமல் சொன்னாள், நல்ல பெண். பாத்திரத்தை வந்து எடுத்துக்கொள் என்றேன்.

போனை வைக்கிறதுக்கு முன்னால் ஒன்று கேட்டேன். "உங்க மேடம் எத்தன பசங்ககிட்ட பேசி அந்த புஸ்தகத்த எழுதுனா?"

"முந்நூறுக்கு மேலம்மா. பசங்க, அவங்க அம்மா அப்பா, வார்டன், போலீஸ் எல்லாரும்."

"அந்தப் பசங்க கையால செத்தவங்க வீட்ல?"

"பார்த்துச் சொல்றேம்மா" என்றாள். "வேணாம் உடு" என்று வைத்துவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

பேரனுக்குக் காய்ச்சல் என்று மருமகள்தான் சொன்னாள். விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் பையை வைத்தேன், பேரனுக்கு வாங்கின ஆரஞ்சு.

வழியில் ஒரு நிறுத்தத்தில் தனகோட்டி ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை, மகனைப் பார்க்கப் போகிறாள் போல, கையில் சோற்றுத் தூக்குவாளி. என்னைப் பார்த்ததும் படியருகிலேயே நின்றுவிட்டாள். பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர், "உள்ள போம்மா, எடம் கீதே, போய் உக்காரு" என்று தள்ளினார். அவள் நகரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு நின்றாள்.

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வா என்று சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒரு கனம் வந்து உட்கார்ந்தது.

விழுப்புரத்தில் இறங்கும்போது அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

இளவரசன் கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியை மட்டும் விட்டு நின்றான். பேரன் என் மடியிலேயே தூங்கிவிட்டான்.

எல்லாவற்றையும் விட்டு உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன் பொம்மி. இத்தனை வருஷம் இத்தனை பிள்ளைகளுக்காக ஓடினாயே. ஒரே ஒரு நாளாவது, என்னை மாதிரி ஒருத்தி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாயா?