புயூ மீனுக்கு நீ என்ன இரை வைப்பாய்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934 ஆகஸ்டு 9

சௌபாக்கியவதி மகள் புஷ்பவல்லிக்கு அப்பா சின்னையா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் இருக்கிற எட்டு மாதத்துப் பிள்ளையும் நலமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று போன இரண்டு கடிதத்திலும் எழுதினேனே, அது பொய். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கெட்ட சேதி எழுதக் கூடாது என்று அவள்தான் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இனி என்னால் முடியாது. வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள், பிறகு வீட்டுக்குக் கூட்டிப் போ, வாய் என்ன கேட்கிறதோ கொடு, திரும்பக் கொண்டு வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை நாள் என்று கேட்டேன், இந்த மாதம் தாண்டாது என்றார். அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்ததிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை, பக்கத்து வீட்டு மாரியாயி கொண்டு வரும் ரொட்டியும் பாலும் இறங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறாள். புஷ்பம் புடிச்சிட்டு வருவாளே, அந்தப் புயூ மீனு, அதை வறுத்துக் குடுங்க, ரெண்டு வாய் சோறு திங்கிறேன் என்கிறாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். செங்கல் சூளைக்கு மண் எடுத்த அந்தப் பள்ளத்துக் குட்டையில் உட்கார்ந்து நீ எப்படி, ஊர்ப்பக்கம் பனையேறிக் கெண்டை என்கிற அந்த மீனைப் பிடித்தாய், என்ன இரை வைத்தாய், எப்படிப்பட்ட முள் கட்டினாய் என்று விவரமாக எழுது. கடிதம் உனக்கு வந்து சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள், டாக்டர் சொன்ன கணக்கு எனக்கு மறக்கவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன். நீ பெரியவளான மறு வாரமே உன் தூண்டிலை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தவன் நான். வயசுக்கு வந்த பெண் குட்டைக் கரையில் ஆம்பிளைகள் பார்க்க உட்காரக் கூடாது என்று கத்தினேன். நீ அழவில்லை, முள்ளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போனாய். அது தப்பு என்று இப்போது சொல்கிறேன். இது அப்போதே தெரிந்திருந்தால் இன்று உன் தூண்டிலாவது வீட்டில் இருந்திருக்கும்.

நான் செய்த கூத்தைக் கேள். இருபத்தாறு வருஷம் பாய்லருக்கு ரிவெட் ஆணி அடித்த கை இது, எதையும் கெட்டியாகச் செய்துதான் பழக்கம். ஆட்குறைப்பில் வேலை போன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. துணி காயப்போடும் மூங்கிலையே தூண்டில் கழியாக்கினேன், சாக்குத் தைக்கும் சணலைக் கட்டினேன், கம்பியை வளைத்து ஒரு முள் அடித்தேன், அதில் முதலையைக் கட்டி இழுக்கலாம். அம்மாவின் மருந்துப் புட்டித் தக்கையை மிதவையாகப் போட்டு, அடியில் விரல் பருமன் ஈயம். மண்புழுவை முழுசாகக் கோர்த்து வீசினால் குட்டையே கலங்கியது. புயூவின் வாய் எவ்வளவு சின்னது என்று எனக்கு யார் சொன்னார்கள். புழுவின் வாலை மட்டும் அது கடித்துக்கொண்டு போய்விடும், தக்கை அசையக்கூட அசையாது, நான் வெயிலில் உட்கார்ந்து தண்ணீருக்கு மாலை மரியாதை செய்துகொண்டிருப்பேன். கோதுமை மாவு உருட்டிப் பார்த்தேன், கரைந்தது. இறால் வைத்தேன், ஆமை தின்றது. ஆறு நாள் இப்படிப் போயிற்று.

ஏழாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை, பாசாரில் மீன் விற்கிற சீனனிடம் உயிரோடு நாலு புயூ வாங்கி வந்தேன். நானே பிடித்தேன் என்று சொல்வதற்காக அவற்றின் உதட்டில் என் முள்ளால் ஒரு துளையும் போட்டேன். அம்மாவுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை, ஆனால் அவளை ஏமாற்ற முடியுமா. மீனை முகத்துக்குக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, இது தூண்டில் ஓட்டையா ரிவெட் ஓட்டையா, கூண்டு வச்சுப் புடிச்ச மீனை எங்கிட்டக் காட்டாதீங்க என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். மீன் மாரியாயி வீட்டுக்குப் போயிற்று, அம்மா அன்றும் ஒன்றும் சாப்பிடவில்லை. அரைத் தூக்கத்தில் அவளாகவே, பாவம் புள்ள கையெல்லாம் முசுறு கடிச்சிருக்கும், மஞ்சள் தடவணும் என்று முனகினாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. நீ கை வீங்கி வருவாய், எந்த மரத்தில் ஏறினாய் என்று நான் திட்டுவேன். இலையைச் சுருட்டிக் கூடு கட்டுமே அந்தச் செவ்வெறும்பு, அதன் முட்டைக்காகவா நீ ஏறினாய்? ஆமாம் என்றால் அந்தப் பொலபொலத்த முட்டையை முள்ளில் எப்படி நிறுத்தினாய், அதையும் எழுது. நாளைக்கு ரம்புத்தான் மரத்தில் ஏறிப் பார்க்கிறேன், ஐம்பத்தாறு வயதில்.

ஆகஸ்டு 11. தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன், இப்போது மேலே எழுதுகிறேன். இரை முசுறு முட்டைதான். கடி வாங்கிக் கூட்டை அறுத்து வந்தேன். என் சாமான்களையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு அம்மாவின் தையல் ஊசி ஒன்றை அடுப்பில் காய்ச்சி வளைத்தேன், தையல் நூலில் மெழுகு தடவிக் கட்டினேன், மிதவைக்குக் கோழி இறகின் தண்டு, கழிக்கு ஒரு மெல்லிய மூங்கில் குச்சி. முட்டையைத் துளி சோற்றோடு பிசைந்து மிளகளவு வைத்தேன். இறகு முதலில் நடுங்கியது, உடனே இழுக்காமல் அது சாயும் வரை பொறுத்தேன், பொறுமை என்பது எனக்கு வரவே வராது என்று உனக்குத் தெரியும். ஒன்று வந்தது. நாலு விரல் அகலம், கறுப்பு. செவுள் முள் கையைக் கிழித்தது, வலிக்கவில்லை. சட்டையில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தேன், குடும்பத்தில் கல்யாணம் என்றால்கூட அப்படி ஓடியிருக்க மாட்டேன்.

அம்மாவின் கையில் கொடுத்தேன். விரலால் அதன் உதட்டைத் தடவித் தடவி அந்த ஊசித் துளையைக் கண்டுபிடித்தாள். முகமே மாறிவிட்டது. புஷ்பம் வந்துட்டாளா என்றாள். நான் கொல்லைப் பக்கம் திரும்பினேன். எங்க, பின்னால கால் கழுவுறாளா என்றாள். குட்டைச் சேற்றோடு உள்ளே வராதே என்று உன்னைக் கொல்லைக் குழாய்க்கு விரட்டுவாளே, அதுதான். நான் ஆமா என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல். மாரியாயி மீனைச் சாம்பலில் தேய்த்துக் கழுவி மொறுமொறுப்பாக வறுத்துக் கொடுத்தாள், சோற்றோடு பிசைந்து வாயருகே கொண்டு போனேன், அம்மா வாயைத் திறக்கவில்லை. அவளும் வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து தின்னுக்கிறோம் என்கிறாள். அவள் கேட்டது மீன் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஒன்பது நாளாக எதைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரியாமலே குட்டையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ புறப்பட்டு வந்துவிடாதே. எட்டு மாதத்தில் கப்பல் ஏறுவது ஆபத்து, ஏறினாலும் வந்து சேரும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. இதை எழுதுவது கல்நெஞ்சால் இல்லை. மாப்பிள்ளையிடம் சொல்லி அழு, தனியாக அழாதே. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தரையில் நடக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. பெண் பிறந்தால் அம்மாவின் பேர் வை, பவுனம்மாள் என்று முழுசாக வை, சுருக்காதே. நீயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இரை விஷயம் இனி எழுத வேண்டாம்.

நீ கால் கழுவுகிற சத்தம் அவளுக்குக் கேட்கட்டும் என்று கொல்லைக் குழாயைத் திறந்துவிட்டேன். காலையிலிருந்து ஓடுகிறது. தண்ணி வீணாப் போவுது, மூடிட்டு உள்ள வரச் சொல்லுங்க என்று நாலு தரம் சொல்லிவிட்டாள். மூடினால் நீ உள்ளே வர வேண்டும், அதனால் மூடாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னையா