கடைசி போல்ட்டுக்கு என் கை

ஜூன் 5, வெள்ளி

இவர் காருக்கான புதுக் குழாய்ப் பெட்டி வந்துவிட்டது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எஞ்சினிலிருந்து புகையை வாங்குகிற நான்கு கால் குழாய் (அதற்கு ஹெடர் என்று பெயராம்), அங்கிருந்து பின்பக்கம் வரை போகிற நீளக் குழாய், பளபளவென்று ஒரு சைலன்சர். கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தது நான். சாயந்திரம் வந்த என் வீட்டு மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தார். "டேய் நெட்டை, வந்துடுச்சுடா!"

பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை? கிடையாது.

ஜூன் 6, சனி

பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளை இவர் கசக்கி மூலையில் போட்டார். "இதெல்லாம் யாரு படிப்பா?" நான் படிப்பேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவளுக்குப் பெட்டிக்குள் தாள் இருந்தால் கை சும்மா இருக்காது. எடுத்து நீவிப் பார்த்தேன். படம் படமாகப் போட்டிருக்கிறான். ஒவ்வொரு இணைப்பிலும் நடுவில் கேஸ்கட் என்கிற மெல்லிய வளையத் தகடு வைக்கவேண்டும், இல்லாவிட்டால் புகை கசியும் என்று ஐந்தாவது படம். நன்றாகவே புரிந்தது. "நாளைக்கு நான் கூட இருந்து எடுத்துக் கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"நெட்டை வர்றான்ல" என்றார்.

ஜூன் 7, ஞாயிறு

காலையிலேயே நெட்டை ஆஜர். இருவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். நகமும் சதையும். இவர் அலுவலகத்தில், அவர் பெயின்ட் கடையில். ஞாயிறு வந்தால் இவர்களைப் பிரிக்க முடியாது.

ஷெட்டில் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். சாமான் வந்த அட்டைப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கித் தரையில் போட்டு, நெட்டை அதன்மேல் மல்லாந்து காருக்கு அடியில் போனார். முழங்காலுக்குக் கீழே மொத்தமும் வெளியே. "கால மடிச்சு எங்கயாவது வெச்சுட்டுப் போடா, வர்றவன் தடுக்கி விழுவான்" என்றார் இவர். இதற்கு அப்படி ஒரு சிரிப்பு! இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இப்போதும் தெரியவில்லை.

சமையலறை ஜன்னல் ஷெட்டைப் பார்த்தாற்போல. பாத்திரம் கழுவுகிறேன் என்று பெயர். கழுவின டம்ளரையே கழுவிக்கொண்டிருந்தேன். பழைய குழாயின் நட்டுகள் துருப்பிடித்து ஒன்றும் அசையவில்லை. எண்ணெய் அடிப்பதும், ஊற வைப்பதும், திட்டுவதும், சிரிப்பதுமாகப் பொழுது போனது. நடுவில் நெட்டை சொல்கிறார்: "நீ குனியாதடா. முதுக பார்த்துக்கோன்னு டாக்டர் சொன்னாரில்ல?"

எந்த டாக்டர்? எப்போது? இவருக்கு முதுகுவலி என்பதே எனக்குத் தெரியாது. ஒரே கட்டிலில் படுக்கிறவள் நான்.

எழுதியே விடுகிறேன். எனக்குப் பொறாமை. வேறு பெண்ணாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். நெட்டைமேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? எனக்கு வேண்டியது கார் இல்லை, குழாய் இல்லை. அந்தச் சிரிப்பு. என்னோடு இருக்கும்போது இவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

ஜூன் 8, திங்கள்

முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "யாரு சொன்னா?" என்றார். 

ஜூன் 14, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

பழைய குழாய் போன வாரமே கழன்றுவிட்டது. இன்று புதியதை மாட்டுகிற வேலை. வேண்டாத மருமகள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். எனக்கு நெட்டை தும்மினாலும் குற்றம். ஜன்னலில் நின்று ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருவரும் முழு வாக்கியம் பேசுவதே இல்லை.

"அது?"

"ஆச்சு."

"இந்தப் பக்கம்?"

"ம்... அதான் ஆச்சே."

எது ஆச்சு, எந்தப் பக்கம் — ஒருத்தர் கேட்கவில்லை, ஒருத்தர் சொல்லவில்லை. அவ்வளவு ஒற்றுமை.

மத்தியானத்துக்கு மேல் இவர் குரல். "ஏம்மா, கொஞ்சம் கீழ வாயேன்!" கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். வெட்கமில்லாமல் ஓடினேன். நான்கு கால் குழாய் முடிந்து நீளக் குழாய் தொடங்குகிற இடத்தில் கடைசி போல்ட். பக்கத்தில் ஏதோ தண்டு இடிக்கிறது, ஆண்கள் கை நுழையவில்லை. "தங்கச்சி, உங்க கை சின்னதில்ல, அதான்" என்றார் நெட்டை. ஆளுக்கு அழைப்பில்லை. கைக்குத்தான் அழைப்பு.

அட்டைமேல் படுத்துக் கையை உள்ளே விட்டேன். போல்ட்டைத் துளைக்குள் நுழைத்து நட்டையும் பிடிக்க வைத்தேன். அப்போது விரலில் பட்டது. இரண்டு இரும்பு விளிம்பும் நேராக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நடுவில் கேஸ்கட் இல்லை. சுற்றித் தடவினேன். எங்கேயும் இல்லை. இவர் வைத்திருப்பார் என்று அவரும், அவர் வைத்திருப்பார் என்று இவரும்.

வாய் வரைக்கும் வந்தது. மேலே இருவரும் எதற்கோ சிரித்தார்கள். எனக்குப் புரியாத ஏதோ.

"ஆச்சா?" என்றார் இவர்.

"ஆச்சு" என்றேன்.

சாயந்திரம் ஸ்டார்ட் செய்தார்கள். உறுமும் என்று காத்திருந்தால், பட்பட்பட் என்று ஓட்டைத் தகரத்தை அடிக்கிற மாதிரி சத்தம். கீழேயிருந்து புகை. இவர் முகம் விழுந்துவிட்டது. குழாயே கோணல் என்று ஆரம்பித்தார். அது நெட்டை தனக்குத் தெரிந்த கடையில் சொல்லி வரவழைத்த குழாய்.

"நல்ல கடை, நல்ல கடைன்னு கோணக் குழாய என் தலையில கட்டிட்டியேடா."

"கோணல் குழாயில இல்லடா, உன் புத்தியில இருக்கு. என்னிக்காவது என்னால உனக்கு நஷ்டம் வந்திருக்கா?"

"இன்னிக்கு வந்திருக்கே."

நெட்டை ஸ்பேனரைக் கீழே வைத்தார். எறியவில்லை, வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை போதும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? தெரியாதா என்ன.

ஜூன் 15, திங்கள்

பஸ்ஸில் வேலைக்குப் போனார். நெட்டை இரண்டு முறை போன் செய்தார். இவர் எடுக்கவில்லை. போன் அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் குளிர்ந்தது. பொய் எழுதமாட்டேன், குளிர்ந்தது.

ஜூன் 17, புதன்

சாயந்திரம் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். நான் கேட்காமலே முதுகுவலியைப் பற்றிச் சொன்னார். இனிமேல் நான்தான்!

ஜூன் 20, சனி

ஷெட்டைக் கூட்டலாமென்று அந்த அட்டையை மடித்தேன். அடிமடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை பிய்ந்து விழுந்தது. உள்ளே கேஸ்கட். நெட்டை இரண்டு ஞாயிறும் அதன்மேல்தான் படுத்திருந்திருக்கிறார். நானும்கூட.

இவரிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப குழாய் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார்.  நெட்டைக்குப் போன் செய்வாரோ என்று பார்த்தேன். செய்யவில்லை. "வெச்சாச்சான்னு அவன் பார்த்திருக்க வேணாமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். வறட்டு கௌரவம். போன் செய்யுங்களேன் என்று நானும் சொல்லவில்லை. "நாளைக்கு நாம ரெண்டு பேருமா மாட்டிடலாம்" என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு

ஆசைப்பட்டது கிடைத்தது. இவரோடு காருக்கு அடியில்.

பிடி. கொடு. விடு. அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பேனர். இவ்வளவுதான் பேச்சு. "என் கால் வெளிய தெரியுதா, யாராவது தடுக்கி விழுந்துடப்போறாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அதே வேடிக்கைதான். "ம்" என்றார்.

கேஸ்கட் உட்கார்ந்தது. கடைசி போல்ட்டை நானே முடுக்கினேன். ஸ்டார்ட் செய்ததும் என்ன ஒரு சத்தம்! அடித்தொண்டையில், கனமாக, பிசிறில்லாமல். எனக்கே நெஞ்சு அதிர்ந்தது. ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றார். தலைப் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

பெரிய சாலையில் ஏறி அழுத்தினார். முகம் மலர்ந்தது. சாலையைப் பார்த்தபடியே என் பக்கம் கையை நீட்டித் தொடையைத் தட்டி, "கேட்டியாடா நெட்டை —"

கையை எடுத்துக்கொண்டார்.

வீடு வரும்வரை இருவரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தோம். நான் கேட்டது நெட்டையின் இடத்தையா? இடம் கிடைத்துவிட்டதே. சிரிப்பு அதோடு வரும் என்று நினைத்தேனே. மரமண்டை.

ஜூன் 22, திங்கள்

வண்டியை வெளியே எடுக்கவில்லை. பஸ்ஸிலேயே போனார்.

ஜூன் 24, புதன்

மருந்துக்கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு நெட்டையின் பெயின்ட் கடைக்குப் போனேன். டப்பாவைக் குலுக்குகிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பேச முடியவில்லை. நிற்காமலே இருக்கக்கூடாதா என்றிருந்தது.

"கேஸ்கட் இல்லைன்னு அன்னிக்கே என் விரலுக்குத் தெரிஞ்சுதுண்ணே. தெரிஞ்சே சும்மா இருந்தேன்."

"ஏன்?"

"சண்டை வந்தா நீங்க வரமாட்டீங்கன்னு."

கோபப்படுவார், நாலு வார்த்தை கேட்பார், வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். அவர் டப்பா மூடியைத் துடைத்துக்கொண்டே, "நான் என்னம்மா பண்ணேன் உங்களுக்கு?" என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. அவர சிரிக்க வெச்சீங்க."

அதற்குள் யாரோ வெள்ளை பெயின்ட் கேட்டு வந்துவிட்டார்கள். "சரி, போயிட்டு வாங்க" என்றார். இனி அவர் பாடு. இவரிடம் சொன்னாலும் சொல்லட்டும். வந்து படுத்தேன். 

ஜூன் 28, ஞாயிறு

காலையில் நெட்டை வந்தார். இவர் வாசலில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"வண்டி சரியாச்சா?"

"ஆச்சு. கேஸ்கட் நீ படுத்திருந்த அட்டைக்குள்ளயே இருந்துச்சு."

நெட்டை என்னைப் பார்த்தார்.  சொல்லப்போகிறார். இதோ.

"தப்பு என்னுதுடா" என்றார். "தங்கச்சி அன்னிக்கே என்கிட்ட சொல்லுச்சு, நடுவுல எதுவுமில்லாத மாதிரி இருக்குன்னு. நான்தான் காதுல வாங்கல."

இவர் நெட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வந்ததே சிரிப்பு! "கேஸ்கட் மேலயே படுத்துக்கிட்டு... சொன்னவ பேச்சையும் கேக்காம..." என்று நெட்டையின் முதுகில் அடித்தார். அவரும் சிரித்தார். இருவரும் ஷெட்டுக்குப் போனார்கள். டீ கொண்டுபோனேன். நெட்டை காரைப் பார்த்துக்கொண்டே டம்ளரை வாங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இவர் மட்டும் என் தோளில் சாய்ந்துகொண்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, "அன்னிக்கே சொன்னியாமே! எனக்கும் ஒரு தடவ சத்தமா சொல்லியிருக்கலாம்ல?" என்றார். என் முகத்தைப் பார்த்து இவர் அப்படிச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நானும் சிரித்தேன்.