அம்மாவின் கட்டில்

அண்ணே,

அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்புகிறேன். நாளைக் காலையில் முழங்கால் மூட்டு மாற்றும் ஆபரேஷன். சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன.

நேற்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. சீசன் ஆர்டருக்கென்று பின்னறையில் நீ அடுக்கியிருக்கும் வெடித்திரி மூட்டைகளை நாங்கள் வருவதற்குள் எடுத்துவிடு. கக்கூஸ் பக்கத்திலிருப்பதால் அம்மாவுக்கு அங்கேதான் கட்டில் போட வேண்டும். "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு எனக்கே சொல்லித் தாரியா?" என்று மறுபடி திட்டினாலும் பரவாயில்லை.

போன வாரம் அம்மா டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "புது மூட்டு வச்சா ஓடலாமா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "நல்லா நடக்கலாம்மா. ஓடக்கூடாது. இந்த வயசுல எங்க ஓடப் போறீங்க?"

அம்மா வேலை பார்த்த பட்டாசு ஷெட்டில் பொறி பறந்தால் ஓடுகிறவர்கள்தான் பிழைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது.

இசைவாணி

ஆட்டோ வந்துவிட்டது. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு அம்மா சொல்கிறாள்: "அவன் எங்க மூட்டைய எடுக்கப் போறான்? கக்கூஸ் தூரமா இருந்தா இருக்கட்டும். என் கட்டில வாசலோரமாப் போடச் சொல்லு."